கூட்டாளியும் சாமானும் படகும்

கேள்வி கேட்காமல் உள்ளே விடும் ஊரை நான் நம்புவதில்லை. சாங்கி விமான நிலையத்தில் ஓர் இயந்திரம் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, கதவைத் திறந்துவிட்டது. எதற்கு வந்தாய், யார் வீட்டுக்கு வந்தாய் என்று ஓர் ஆளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு 'சுற்றிப் பார்க்க' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வீணாகப் போயிற்று.

நான் சுற்றிப் பார்க்க வந்தவன் இல்லை. மானாமதுரையில் இருக்கும் என் அக்கா மகள் தேன்மொழிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் கதிரவன். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். போய்ப் பார்த்து விசாரித்துச் சொல்வது தாய்மாமனான என் பொறுப்பு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நிலத்தை வாங்குமுன் அதன் பேரில் அடமானம், வழக்கு, பங்காளித் தகராறு ஏதாவது இருக்கிறதா என்று பழைய பதிவேடுகளைப் புரட்டுவதற்கு 'வில்லங்கம் போட்டுப் பார்ப்பது' என்று பெயர். நான் அதை மனிதர்களுக்கும் போட்டுப் பார்ப்பேன்.

ஒரு முறை தப்பாகவும் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு தேன்மொழிக்குச் சிவகங்கையில் நிச்சயம் ஆயிற்று. பையன் பெயர் முருகேசன். நிச்சயத்துக்குப் பிறகும் மனசு ஆறாமல் அவன் தெரு முனை டீக்கடையில் போய் விசாரித்தேன். முருகேசனா, பொழுது சாய்ந்தால் நிதானத்தில் இருக்க மாட்டானே என்றார்கள். வீட்டில் சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்ப வைத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் சொன்னது அடுத்த தெரு முருகேசனை. அதற்குள் எங்கள் முருகேசனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. தேன்மொழி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கையால் எனக்குக் காப்பி வந்ததில்லை. அக்காதான் கொண்டுவந்து வைப்பாள்.

கிளம்பும்போது இரண்டு உத்தரவுகள் கிடைத்தன. பழைய நிச்சயத்தைப் பற்றி அங்கே மூச்சு விடக் கூடாது என்றாள் அக்கா. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தேன்மொழி வந்து நின்றாள். "மாமா, இந்தத் தடவ கேட்டுட்டு வந்து சொல்லாதீங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். இரண்டு வருடத்தில் அவளாக என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சனிக்கிழமை வருகிறேன் என்று பையன் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு வியாழக்கிழமையே இறங்கியிருந்தேன். எந்த வீட்டையும் சொல்லாத நாளில் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் தங்கினேன். வாழையிலை, மாலைக் கடை, வெற்றிலை பாக்கு, நகைக்கடை வாசலில் குளிர்காற்று, எல்லாம் நம் ஊர்தான். ஆனால் ஒருவரும் சத்தம் போடவில்லை, ரோட்டைக் குறுக்கே கடக்க விளக்கு மாறும்வரை நிற்கிறார்கள். நம் ஆட்கள் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. எங்கேயோ ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது.

தேக்கா சந்தையில் காலையில் சாப்பிடப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பசியாறிட்டீங்களா என்று கேட்டார். எங்கள் பக்கம் பசியாறுவதென்றால் அன்னதானப் பந்தலில்தான். என் வேட்டி அவ்வளவா கசங்கியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்று பெயர். பரோட்டாவை இங்கே பிராட்டா என்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெதுமெதுப்பு, தொட்டுக்கொள்ளத் தண்ணியான கறிக் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது.

தட்டோடு இடம் தேடியபோது ஒரு மேசை காலியாக இருந்தது. அதன் மேல் யாரோ விட்டுப்போன காகிதக் கைக்குட்டைப் பொட்டலம். சாப்பிட்டு முடித்து, அதில் ஒன்றை உருவி வாய் துடைத்தபோது ஒரு சீனப் பெண்மணி கையில் தட்டோடு என் முன்னால் நின்றார். திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரர் விளக்கினார். அந்தப் பொட்டலம் இடம் பிடிக்க வைத்ததாம். தேவகோட்டை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களோடு சண்டை போட்டே வளர்ந்தவன் நான். இன்று நானே ஒருத்தியின் துண்டில் வாய் துடைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் புக்கிட் பாஞ்சாங் போனேன். கதிரவன் வீடு அங்கேதான். அந்த வட்டாரத்தில் ஓட்டுநர் இல்லாத ஒரு குட்டி ரயில் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓடுகிறது. வீடுகளுக்கு மிக அருகில் போவதால், ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாதி விசாரணை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் வீட்டுப் பக்கம் வந்ததுமே ரயிலின் கண்ணாடி தானாக வெளுத்துப் பால் போல மறைத்துக்கொண்டது. வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதாம். வீடுகள் தாண்டியதும் கண்ணாடி மறுபடி தெளிந்தது. என்னை மனதில் வைத்தே செய்தது போல இருந்தது. எரிச்சலில் இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன். ரயில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே என்னைக் கொண்டுவந்து சேர்த்தது.

கட்டடத்தின் கீழே ஒரு கோப்பிக் கடை. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெயரைச் சொன்னால் தாத்தா காலத்திலிருந்து வரும். இங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர், கதிரவனா, எந்த பிளாக், எந்த மாடி என்று என்னையே திருப்பிக் கேட்டார். சொன்னேன். அப்படியா, எனக்குத் தெரியாதே என்று அடுத்த ஆளுக்குக் கோப்பி கலக்கப் போய்விட்டார். ஒரே கட்டடத்தில் இருக்கிறவனைத் தெரியாதென்றால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் நல்லவன். இல்லாவிட்டால், மிகவும் கவனமானவன்.

கதவைத் திறந்த பத்மா அம்மா, கதிரவனின் தாயார், ஒரு நாள் முன்னால் வந்து நிற்கும் என்னைப் பார்த்துத் திடுக்கிடவே இல்லை. வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா என்றார். தாறுமாறாக எதுவும் கிடக்கவில்லை. மத்தியானம் மீன் தலைக் குழம்பு. புளியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த குழம்பில் அந்தத் தலை சட்டி அளவுக்குக் கிடந்தது. கன்னத்துச் சதையை எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்கு இளகத்தான் செய்தது. இளகும் நேரத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று தொழிலில் கற்றிருக்கிறேன். தம்பி லீவு நாளில் என்ன செய்வார் என்று சும்மா போல் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமைன்னா வீட்ல நிக்க மாட்டான்ணே. கூட்டாளியோட படகேறித் தீவுக்குப் போயிடுவான்" என்றார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன். அந்தக் கூட்டாளி இல்லாம இவன் இல்ல."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பேப்பரில் கூட்டாளி என்ற சொல் எப்போது வரும்? 'இருவர் கைது, கூட்டாளிக்கு வலைவீச்சு.' அப்போதுதான் வரும். நாங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்கள். தீவு, படகு, கூட்டாளி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அடுத்த வாக்கியம் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் என்னை உலுக்கியது. பாவம், வெள்ளந்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கதிரவன் வந்தான். வாங்க அங்கிள் என்றான். மாமா என்று வாயில் வரவில்லை. உயரம், அமைதி, பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் சரக்கு விவரம் பதிகிறவன் என்று சொன்னவனின் நகக்கண்ணில் கறுப்பு மசகு இருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உபின் தீவுக்குப் போகிறேன், நீங்களும் வாங்களேன், சைக்கிள் ஓட்டுவீங்களா என்று அவனே கேட்டான். ஓட்டுவேன் என்றேன். குற்றம் செய்கிறவன் சாட்சியைக் கூடவே அழைத்துப் போவானா என்று ஒரு மனம் கேட்டது. அழைத்துப் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா என்றது இன்னொரு மனம்.

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் அடுக்களைப் பக்கம் போய் மெதுவான குரலில் போனில் பேசினான். "சாமான்லாம் எடுத்துட்டேன்டா. மொத படகுலயே வந்துடுறோம். ஒரு பெரியவரும் வர்றாரு, பாத்து நடந்துக்க."

சனிக்கிழமை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கி டேங்க் ரோட்டுக் கோயில் முருகனைப் போய்ப் பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது முருகேசன் ஞாபகம்தான் வந்தது. வெளியே வந்து, அக்காவைக் கூப்பிட்டு இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கேட்டுட்டு வந்து சொல்லாதீங்க மாமா என்று தேன்மொழி சொன்னது அப்போது காதில் விழுந்தது. நான் இதுவரை கேட்டதுதானே, எதைப் பார்த்தேன்? அக்கா எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு முறை அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் கை வைத்துவிடுவேனோ என்ற பயம் அது. தப்பான ஆளுக்குச் சரி என்று சொல்லிவிடுவேனோ என்றும் அதே அளவுக்குப் பயந்தேன்.

ஞாயிறு காலை சாங்கிப் படகுத்துறை. பழைய மரப்படகு, டீசல் வாசம். உபினுக்கு நேரம் வைத்துப் படகு போவதில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் எடுப்பார்கள். எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான் என்று முதன்முறையாக இந்த ஊர்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. கதிரவன் மடியில் ஒரு கனத்த பை. அதைக் கீழே வைக்கவே இல்லை. எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரக் கணவனும் மனைவியும் ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கதிரவனிடம் கேட்டேன். போனதும் முதலில் மீன் சாப்பிடலாம் என்கிறாராம் கணவர். சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் மீன் என்கிறாராம் மனைவி. பையில் என்ன என்று கேட்டேன். சாமான் அங்கிள் என்றான்.

பத்து நிமிடத்தில் வேறு நாட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது. தகரக் கூரை வீடுகள், தென்னை, பலா, ரோட்டோரம் காய வைத்த துணி. அடுக்குமாடி ஒன்றுகூட இல்லை. ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு சைக்கிள்களுக்கு நடுவே நடந்து போனது. யாரும் அதை விரட்டவில்லை. துறைக்கு எதிரே வரிசையாகச் சைக்கிள் வாடகைக் கடைகள். அதில் ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து சக்கரம் சுழற்றிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, மசகுக் கையை நீட்டாமல் முழங்கையை நீட்டினான். அவன்தான் ஜமால். அந்தக் கூட்டாளி.

ஜமாலின் பாட்டனார் கீழக்கரையிலிருந்து வந்தவராம். ஒரு சீனப் பெண்மணியின் கடையில் அவன் சைக்கிள் பழுது பார்க்கிறான். எனக்கு ஒரு சைக்கிள் தந்தார்கள். ஊரில் நான் ஓட்டுவது கேரியர் வைத்த பழைய இரும்புச் சைக்கிள். மிதித்தால் போகும், பிடித்தால் நிற்கும். இதில் கைப்பிடியிலேயே ஏழெட்டு எண்கள். மூவரும் கிளம்பினோம். பை கதிரவன் முதுகில் ஏறிக்கொண்டது. நான் கண்ணை எடுக்காமல் பின்னால் போனேன்.

அவர்கள் ஓட்டிய வேகத்துக்குப் பெயர் ஓட்டுவதே இல்லை. நடந்து போகிறவர்கள் எங்களை முந்தினார்கள். செம்மண் பாதை, இரு பக்கமும் ரப்பர் மரம், பழைய கல்குவாரியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். மேலே இருவாச்சிப் பறவை ஒன்று குரைப்பது போலக் கத்திக்கொண்டு பறந்தது. யாருக்காகவோ காத்திருந்துதான் இப்படி மெதுவாகப் போகிறார்கள் என்று முடிவு செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. ஒரு திருப்பத்தில் இளம் தம்பதியர் சைக்கிளைப் படுக்கப் போட்டு நின்றார்கள். கதிரவன் இறங்கினான், பையைத் திறந்தான். நான் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே டியூப்கள், சங்கிலித் துண்டு, ஸ்பேனர், ஒட்டுப் போடும் பசை, பழந்துணி. அதற்குக் கீழே வாழையிலையில் சுற்றிய நாசி லெமாக் பொட்டலங்கள் நாலைந்து. தேங்காய்ப் பால் சோறு. சாமான் அவ்வளவுதான். ஜமால் டயரைக் கழற்ற, கதிரவன் ஒட்டுப் போட, தம்பதியர் கும்பிடாத குறையாகக் கிளம்பினார்கள். வாடகைச் சைக்கிள் நடுக்காட்டில் நின்றுபோனால் துறைவரை தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் தீவைச் சுற்றிச் சுற்றி வருகிறார்களாம். ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றான் கதிரவன். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. சும்மா யாராவது எதையாவது செய்வார்களா?

அடுத்த மேட்டில் ஏதோ ஓர் எண்ணைத் திருகினேன். சங்கிலி கழன்று, கால் வழுக்கி, புதரோடு போய்ச் சேர்ந்தேன். அடுத்த கிராக்கி நான்தான். ஜமால் சங்கிலியை மாட்டினான். கதிரவன் என் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். அங்கேயே மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தோம். நெத்திலி, வேர்க்கடலை, காரச் சம்பல். பசி வேளையில் அது அமிர்தமாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே ஜமாலிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் இருவரும் எந்தத் தொழிலில் கூட்டாளி என்று.

"தொழிலா?" என்று அவன் கதிரவனைப் பார்த்தான். "ஸ்கூல்ல ஒரே பெஞ்சு அங்கிள். இங்க ஃபிரெண்டத்தான் கூட்டாளின்னு சொல்வோம் லா."

நான் குனிந்து சோற்றைப் பார்த்தேன். முருகேசன் என்ற பெயர் இரண்டு தெருவில் இருந்தது போல, கூட்டாளி என்ற சொல் இரண்டு ஊரில் இருந்திருக்கிறது. நேற்று அக்கா போனை எடுத்திருந்தால் இன்னொரு தட்டு திரும்பியிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிற்பகல் ஜமால் கடையில் தங்கிவிட, நானும் கதிரவனும் துறைக்கு வந்தோம். படகில் நாங்கள் இருவர்தான் முதலில். இன்னும் பத்துப் பேர் வர வேண்டும். ஓட்டுநர் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான்கு நாளாக இவனுக்கு வில்லங்கம் தேடுகிறேன். ஆனால் பத்திரத்தில் ஒரு பழைய பதிவை மறைத்து விற்க வந்தவன் நான்தான். அலுவலகத்தில் யாராவது அப்படிச் செய்தால் முகத்தில் காகிதத்தை விட்டெறிந்திருப்பேன். அக்காவின் உத்தரவு நெஞ்சில் உறுத்தியது. ஒரு சீனக் குடும்பம் ஏறியது, ஆறு பேர் ஆயிற்று. சொன்னேன். நிச்சயம் நடந்தது, டீக்கடை, இரண்டு முருகேசன்கள், திரும்பிப் போன தட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது என்றேன். சொல்லி முடித்தபோது பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வரனும் என்னால் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் மறைத்து வைத்திருந்ததைவிட மனசு லேசாக இருந்தது.

கதிரவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"தேனு போன்ல மொத தடவ பேசுறப்பவே சொல்லிட்டாங்க. எங்க மாமா வருவாரு, எல்லாத்தையும் சந்தேகப்படுவாரு, நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்கன்னாங்க. அவரா வாயத் தொறந்து அந்தக் கதையச் சொன்னாருன்னா ஒங்கள நம்பிட்டாருன்னு அர்த்தம். சொல்லாமலே பிளேன் ஏறிட்டாருன்னா வேற பொண்ணு பாத்துக்குங்கன்னாங்க." என் பக்கம் திரும்பி, "நாளு போய்க்கிட்டே இருந்துச்சு. எனக்குப் பயமாயிடுச்சு மாமா" என்றான்.

பன்னிரண்டாவது ஆளாக ஒரு பெண்மணி பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். படகு கிளம்பியது. நகக்கண்ணில் கறுப்பு படிந்த அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

சாங்கியில் இறங்கியதும் தேன்மொழிக்கே போன் போட்டேன். பாத்தீங்களா மாமா என்றாள். பார்த்தேன் என்றேன். ஆள் எப்படி என்றாள். உனக்கு நல்ல கூட்டாளி என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்காது. புரிய வைக்க அவன் இருக்கிறான்.

"எப்ப வர்றீங்க?" என்றாள். புதன்கிழமை என்றேன்.

"நேரா இங்க வாங்க மாமா. காப்பி போட்டு வைக்கிறேன்."